தொட்டியில் எலுமிச்சையும் பூச்செடிகளும்: எதை வாங்கலாம், வாடும் செடியை எப்படித் தேற்றலாம்?

பால்கனிவாசி:
வணக்கம். எங்கள் பால்கனி கிழக்கு பார்த்தது. காலை 7 மணிக்கு நேர் வெயில் விழும், பதினொன்றரை வாக்கில் போய்விடும், அதன்பிறகு வெளிச்சம் மட்டும்தான். ஐந்தாறு தொட்டி வைக்க இடம் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு எலுமிச்சை ஒட்டுச்செடி வைத்திருக்கிறேன். வாங்கும்போது பூவும் பிஞ்சுமாக அவ்வளவு அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து பெரிய தொட்டியில் மாற்றிய கொஞ்ச நாளில் பிஞ்செல்லாம் கொட்டிவிட்டது, இலை படகு மாதிரி உள்பக்கம் மடங்குகிறது, அடி இலைகள் மஞ்சள். தண்ணீர் தினமும் ஊற்றுகிறேன், மேல் மண் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு கிளை மட்டும் முள்ளும் முனையுமாக விறுவிறுவென்று மேலே போகிறது, அதைப் பார்த்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். முட்டை ஓட்டுத்தூள், வாழைப்பழத்தோல் ஊறவைத்த தண்ணீர் இரண்டும் கொடுத்துப் பார்த்தாயிற்று.

கேள்வி இரண்டு. இந்தச் செடிக்கு என்ன ஆயிற்று? மீதி இடத்துக்கு, பார்க்க அழகாக இருக்கிற செடிகள் என்னென்ன வாங்கலாம்? வண்ணம் வேண்டும், தினமும் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அவசரத்தோட்டம்:
மஞ்சள் இலை என்றாலே தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. ஒரு டீஸ்பூன் யூரியா கரைத்து ஊற்றுங்கள், ஒரே வாரத்தில் பச்சை பிடித்துவிடும். எல்லா எலுமிச்சைக்கும் இதுதான் மருந்து.

வேர்முதல்:
அந்த யூரியாவைத் தயவுசெய்து இப்போது ஊற்றாதீர்கள். தண்ணீரே எடுக்க முடியாமல் இருக்கிற வேருக்கு உரம் கொடுத்தால் இருக்கிற கொஞ்ச வேரும் கருகும். தழைச்சத்துக் குறைவு என்றால் அடி இலைகள் சீராக வெளிறும், ஆனால் இலை மடங்காது, பிஞ்சு ஒரேயடியாகக் கொட்டாது. இலை மடங்குவது தாகம். தொட்டி ஈரமாக இருக்கிறது, செடி தாகமாக இருக்கிறது என்றால் கோளாறு நடுவில், அதாவது வேரில்.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். சாயங்காலம், வெயில் இல்லாத நேரத்தில் செடியைத் தொட்டியோடு சாய்த்து மெதுவாக வெளியே எடுங்கள். மூன்று இடத்தைப் பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள். ஒன்று, வாங்கி வந்த மண்ணுருண்டை உள்ளே இன்னும் அப்படியே இருக்கிறதா, அதன் நடுவில் விரல் இறங்குகிறதா. இரண்டு, வேரின் நிறமும் வாசனையும். மூன்று, அந்த உயரமான கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று அடிவரை விரலால் தடவிப் பாருங்கள், ஒட்டுக் கட்டிய முடிச்சுக்கு மேலா கீழா.

முட்டை ஓட்டால் கெடுதல் இல்லை, உடனடிப் பயனும் இல்லை. சுண்ணாம்புச்சத்தான அது கரைய மாதக்கணக்கில், சில மண்ணில் அதற்கும் மேலே ஆகும். தோல் ஊறிய தண்ணீரில் கொஞ்சம் சாம்பல்சத்து (பொட்டாசியம்) இருக்கும், மற்றபடி கொசுவுக்கும் ஈக்கும்தான் விருந்து.

இலைபார்ப்பவள்:
வேர்முதல் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மஞ்சள் என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது, எந்த இலை, எப்படி மஞ்சள் என்பதுதான் விஷயம். புதுத்துளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து எடுக்க முடியவில்லை என்று பொருள். மண்ணில் இரும்பு இல்லாமல் இருப்பதைவிட, கடினத் தண்ணீர் ஊற்றி ஊற்றி மண்ணின் காரத்தன்மை ஏறி, இருக்கிற இரும்பு செடிக்குக் கிடைக்காமல் போவதுதான் அதிகம். எலுமிச்சை வகைக்கு மண்ணின் பி.எச். (அமில, கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் சுகம். 7ஐத் தாண்டிய மண்ணில் ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை இரும்பு உரம் அவ்வளவாக நிற்காது, ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகையைக் கேட்டு வாங்க வேண்டும், பாக்கெட்டின் பின்பக்கம் எழுதியிருப்பார்கள்.

பழைய இலையில் காம்புப் பக்கம் மட்டும் பச்சை ஆப்பு ஒன்று நின்று சுற்றிலும் மஞ்சளானால் மக்னீசியம். புது இலை சின்னதாகி, நரம்புகளுக்கு நடுவே திட்டுத்திட்டாக வெளிறினால் துத்தநாகம். இவையெல்லாம் நடு நரம்புக்கு இருபக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி என்று மஞ்சள் ஒழுங்கில்லாமல் படர்ந்திருந்தால் அப்போதுதான் நான் பயப்படுவேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

பால்கனிவாசி:
எடுத்துப் பார்த்தேன். சொன்னது அத்தனையும் இருக்கிறது! நான் போட்ட கலவை முழுக்கப் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது, நடுவில் வாங்கி வந்த சிவப்புக் களிமண் உருண்டை அப்படியே நிற்கிறது. வெளியே ஈரம், ஆனால் ஸ்குரூடிரைவரால் குத்தினால் நடுவில் தூசிதான் வருகிறது. வேர் ஒன்றுகூட உருண்டையை விட்டு வெளியே வரவில்லை. உருண்டைக்கு மேல்பக்கம் இருக்கிற வேர் வெள்ளையும் பழுப்புமாக நன்றாக இருக்கிறது, அடியில் இரண்டு மூன்று கறுத்து, இழுத்தால் தோல் மட்டும் கையோடு வருகிறது.

அந்த உயரமான கிளை... முடிச்சுக்கு இரண்டு விரல் கீழேயிருந்து வருகிறது. அதில் ஒவ்வொரு காம்பிலும் மூன்று மூன்று இலை. மற்ற கிளைகளில் ஒற்றை இலை. இது என்ன?

வேர்முதல்:
சரி, இரண்டு பிரச்சினையும் தெரிந்துவிட்டது. மூன்றிலை முதலில். அது உங்கள் எலுமிச்சை இல்லை, அடியில் இருக்கிற வேர்ச்செடி. மூன்றிலை நாரத்தை வகை என்று சொல்வார்கள். குளிரையும் வேர் அழுகலையும் தாங்கும், மரத்தைக் குட்டையாக வைக்கும் என்று உலகம் முழுக்க அதன்மேல் ஒட்டுக் கட்டுகிறார்கள். அது தன் பங்குக்குப் போத்து (அடியிலிருந்து கிளம்பும் கிளை) விட்டிருக்கிறது. விட்டால் மேலே இருக்கிற எலுமிச்சையை ஒடுக்கிவிட்டு அதுவே மரமாகிவிடும், காய்த்தாலும் கசப்பும் பிசினுமாக ஒன்றுக்கும் உதவாத காய்தான். கத்தரியால் நறுக்காதீர்கள், அடிக்கண் மிச்சம் இருந்து திரும்ப வரும். இளசாக இருந்தால் விரலால் பிடித்துக் கீழ்ப்பக்கமாகப் பிய்த்துவிடுங்கள். முற்றியிருந்தால் கூர்மையான கத்தியால் தண்டோடு ஒட்டி வழித்துவிடுங்கள். வேறு வேர்ச்செடியாக இருந்தால் மூன்றிலை இருக்காது, எலுமிச்சை இலை மாதிரியேதான் இருக்கும், அதனால் இலையைவிட இடத்தை நம்புங்கள். முடிச்சுக்குக் கீழே எது வந்தாலும் எடுத்துவிட வேண்டியதுதான்.

இப்போது களிமண் உருண்டை. நர்சரியில் இப்படிக் களிமண்ணில் வைப்பதற்குக் காரணம் உண்டு, வண்டியில் போகும்போது வேர் உதிராது, தினம் இரண்டு வேளை ஊற்றுவார்கள் என்பதால் காயவும் காயாது. உங்கள் கையில் வந்ததும் ஒருமுறை காய்ந்து சுருங்கிச் செங்கல் ஆகிவிட்டது. நீங்கள் மேலே ஊற்றும் தண்ணீர், எளிதான வழி இருக்கும்போது அதற்குள் ஏன் போகிறது, சுற்றியிருக்கிற பொலபொல கலவை வழியாக இறங்கி அடித்துளையில் வந்துவிடும். மேல் மண் ஈரம், தட்டில் தண்ணீர், நடுவில் பாலைவனம். அடியில் நின்ற தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்த இரண்டு மூன்று வேர் அழுகியும் இருக்கிறது. ஒரே தொட்டியில் ஒரே செடிக்கு வறட்சியும் வெள்ளமும்.

செய்ய வேண்டியது: உருண்டையை வாளித் தண்ணீரில் முழுக்க அமிழ்த்திவிடுங்கள், குமிழி வருவது நின்று, மண் கையில் குழைகிற வரை. பிறகு தண்ணீருக்குள்ளேயே வெளிப்பக்க மண்ணை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விரலால் கரைத்து எடுங்கள், வேர் நுனிகள் வெளியே தெரிந்தால் போதும். மொத்தத்தையும் கழுவி வேரை அம்மணமாக்க வேண்டாம், நோஞ்சான் செடிக்கு அந்த அதிர்ச்சி தாங்காது. கறுத்த வேரை வெட்டிவிட்டு, அதே அளவோ ஒரு சுற்றுதான் பெரிதோ இருக்கிற தொட்டியில் வையுங்கள். வேர் கிளம்பும் கழுத்து மண்மட்டத்தில் தெரிய வேண்டும், ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே நாலு விரலாவது நிற்க வேண்டும். மிச்சப் பூ இருந்தால் கிள்ளிவிடுங்கள். ஒரு பத்துப் பதினைந்து நாள் நேர் வெயில் இல்லாத வெளிச்சத்தில் வைத்து, பிறகு பழைய இடத்துக்கு. புதுத்துளிர் முற்றும் வரை உரம் எதுவும் வேண்டாம்.

பழையதொட்டி:
எல்லாம் சரி, அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போடச் சொல்ல மறந்துவிட்டீர்கள். வடிகாலுக்கு அதுதான் முக்கியம். நான் காலங்காலமாகப் போடுகிறேன், ஒரு செடியும் அழுகியதில்லை.

வேர்முதல்:
மறக்கவில்லை ஐயா, வேண்டுமென்றே விட்டேன். நுண்ணிய கலவையிலிருந்து தண்ணீர் பெரிய ஜல்லிக்குள் சும்மா இறங்காது. மேலே இருக்கிற மண்ணின் அடிப்பாகம் முழுக்க நிறைந்து வழிகிற வரை அங்கேயே தொங்கிக்கொண்டு நிற்கும். அந்த நிறைந்த பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் துகள், தொட்டியின் உயரம் இல்லை. நீங்கள் ஜல்லி போட்டால் அந்தப் பட்டை அப்படியே இரண்டு அங்குலம் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வருகிறது, வேருக்கான இடமும் குறைகிறது. இதே காரணத்தால்தான் தட்டையான தொட்டியில் செடி சீக்கிரம் அழுகும், ஒரே கலவையை உயரமான தொட்டியில் போட்டால் தப்பிக்கும்.

துளை அடைக்காமல் இருக்க ஒரு வலைத்துண்டு போதும். தொட்டிக்கு அடியில் மூன்று ஓட்டுத்துண்டு வைத்துத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள், அது ஜல்லியைவிடப் பத்து மடங்கு உபயோகம்.

பழையதொட்டி:
என் செடி அழுகவில்லையே?

வேர்முதல்:
உங்கள் கலவை மணலும் கரடும் நிறைந்ததாக இருக்கும், மண் தொட்டியாகவும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் ஜல்லி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழுகியிருக்காது.

பழையதொட்டி:
மண் தொட்டிதான். ஆற்று மணல் பாதிக்குப் பாதி. சரி, அடுத்த தொட்டிக்கு ஜல்லி இல்லாமல் வைத்துப் பார்க்கிறேன். ஆனால் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பனிநாட்டுக்காரன்:
கலவை பற்றிப் பேச்சு வந்ததால்: தோட்டத்து மண்ணை மட்டும் தொட்டியில் நிரப்பாதீர்கள். தரையில் மண்புழுவும் ஆழமும் சேர்ந்து அதைத் தளர்வாக வைக்கின்றன, தொட்டியில் நாலு மாதத்தில் இறுகிவிடும். நான் மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு, கரடான ஏதாவது ஒரு பங்கு (பெர்லைட், பெருமணல், மரப்பட்டைத் துண்டு, எது கிடைக்கிறதோ) போடுகிறேன். தேங்காய் நார்க்கழிவு சேர்ப்பவர்கள் அதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள், அதில் உப்பு இருக்கும், எலுமிச்சை உப்பைத் தாங்காத சாதி.

இங்கே குளிர்காலத்தில் செடிகளை உள்ளே எடுத்தாக வேண்டும். தொட்டியில் எலுமிச்சை வகை வளராது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிரான்சில் வெர்சாய் அரண்மனையில் இதற்கென்றே 1684 முதல் 1686 வரை ஒரு கட்டடம் எழுப்பினார்கள். இன்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் மரப்பெட்டியில் இருக்கின்றன, குளிருக்கு உள்ளே போய், மே மாதம் வெளியே வருகின்றன. சில மரங்களுக்கு 200 வயதுக்கும் மேலே. அந்தப் பெட்டியின் பக்கப்பலகை திறக்கும்படி இருக்கும், வேரைப் பார்த்து, நறுக்கி, மண் மாற்றிவிட்டு மூடிவிடலாம். இவ்வளவு பெரிய மரத்தையும் அவர்கள் காப்பாற்றுவது வேரில் கை வைத்துத்தான்.

பால்கனிவாசி:
அப்படியானால் நாமும் வேரை நறுக்க வேண்டுமா? கேட்கவே பயமாக இருக்கிறது.

பனிநாட்டுக்காரன்:
இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. தொட்டியின் உள்சுவரை ஒட்டி வேர் வட்டம் வட்டமாகச் சுற்றியிருக்கும், வெளியே எடுத்தால் தொட்டியின் அச்சு அப்படியே வேரில் இருக்கும். சுற்றிலும் ஒன்றிரண்டு அங்குலம், அடியில் அதே அளவு சீவி எடுத்துவிட்டு, புதுக் கலவை போட்டு அதே தொட்டியில் திரும்ப வைத்துவிடலாம். எடுத்த வேருக்கு ஏற்ற மாதிரி மேலே கிளையையும் குறைக்க வேண்டும். துளிர் கிளம்புவதற்குச் சற்று முன்பு செய்தால் சீக்கிரம் தேறும். உங்கள் செடிக்கு இப்போது தேவையில்லை, வேரே வெளியில் வராத செடி அது.

இன்னொன்று, சின்னச் செடியை எடுத்த எடுப்பில் பெரிய தொட்டியில் வைக்க வேண்டாம். வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் அப்படியே நிற்கும். ஒன்றரை அடிச் செடிக்கு 10–12 அங்குலத் தொட்டி, பிறகு படிப்படியாக ஏற்றி 18–20 அங்குலத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

மழைத்துளி:
பழம் சாப்பிட்டுவிட்டு எடுத்த விதையிலிருந்து நான் எலுமிச்சை வளர்க்கிறேன். ஒட்டுச்செடிக்கு எதற்கு இவ்வளவு பாடு? விதைச்செடி இயற்கையானது, பலமானது.

இலைபார்ப்பவள்:
வளர்க்கலாம், சந்தோஷமாக வளர்க்கலாம், இலைக்கும் வாசனைக்கும். விதைச்செடி தாய்ச்செடி மாதிரி இருக்காது என்று பலர் சொல்வதும் எலுமிச்சையில் பெரும்பாலும் சரியில்லை. ஒரே விதையில் இரண்டு மூன்று முளை வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதில் பல, தாயின் திசுவிலிருந்தே வருபவை, தாயின் நகல். பம்பளிமாஸில் அது கிடையாது, அதன் ஒவ்வொரு விதையும் புதுக் கலப்பு.

சிக்கல் காலம்தான். நகலாகவே இருந்தாலும் விதைச்செடிக்கு இளமைப்பருவம் என்று ஒன்று உண்டு, நீள முள்ளோடு உயரமாகப் போய்க்கொண்டே இருக்கும், பூக்காது. தரையிலேயே ஐந்து முதல் பத்து வருடம் ஆகலாம், தொட்டியில் இன்னும் இழுக்கும். ஒட்டுச்செடியின் மேல்பாகம் ஏற்கெனவே காய்த்த மரத்தின் கிளை, அதனால் இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும். காய் வேண்டுமா, ஒட்டு. பொறுமை இருக்கிறதா, விதை. விதையில்லாத பெரிய லைம் இருக்கிறதே, தாஹிதி என்பது, அதற்கு இந்தக் கேள்வியே இல்லை, மும்மடி இனம், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று, அதனால் விதை அநேகமாக வராது.

பால்கனிவாசி:
என் நாலரை மணி நேர வெயிலுக்கு வேறு ஏதாவது எலுமிச்சை வகை சேர்க்கலாமா? ஆரஞ்சு ஆசையாக இருக்கிறது.

வேர்முதல்:
ஆரஞ்சு வேண்டாம். இனிப்புப் பழத்துக்குச் சர்க்கரை ஏற வெயிலும் வெப்பமும் நிறைய வேண்டும், எட்டு மணி நேரம் கொடுத்தால் நல்லது. புளிப்புப் பழங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கலமண்டின் உங்களுக்கு ரொம்பப் பொருத்தம். குட்டையாக அடர்ந்து வளரும், கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய ஆரஞ்சு நிறப் பழம் மாதக்கணக்கில் மரத்திலேயே நிற்கும், சும்மா பார்க்கவே அழகு. கும்குவாட்டும் அப்படித்தான், தோலோடு சாப்பிடலாம், தோல்தான் இனிப்பு. மேயர் எலுமிச்சை தொட்டிக்குப் பேர்போனது, ஃபிராங்க் மேயர் என்பவர் 1908இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. பழைய மேயர் செடிகள் தாங்கள் வாடாமலே, எலுமிச்சை வகை மரங்களை வாட்டும் டிரிஸ்டெசா வைரஸைச் சுமந்து பக்கத்து மரங்களுக்குப் பரப்பின என்பதால், 1975இல் வைரஸ் இல்லாத தேர்வை வெளியிட்டார்கள். இப்போது கிடைப்பது பெரும்பாலும் அதுதான்.

ஆனால் ஒன்று, நாலரை மணி நேரத்தில் எது வைத்தாலும் காய் கொஞ்சம்தான் வரும். அதைப் பழத்துக்காக வளர்க்கிறோம் என்று நினைக்காமல், பூ வாசனைக்கும் பச்சைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. பூ கொட்டுகிறதே என்று பதறவும் வேண்டாம், எலுமிச்சை வகையில் நூறு பூ பூத்தால் ஒன்றிரண்டு காயாக நின்றாலே அது சரியான கணக்கு. தூரிகை வைத்து மகரந்தம் தடவும் வேலையும் பெரும்பாலான வகைகளுக்குத் தேவையில்லை.

இலைபார்ப்பவள்:
அழகுச் செடிகளுக்கு வருவோம், அதை யாரும் தொடவே இல்லை. முதலில் எதை வாங்கக் கூடாது என்று சொல்கிறேன், ஏனென்றால் கடையில் பூத்து நிற்கும்போது மனம் கேட்காது. காகிதப்பூ வேண்டாம். அதற்கு ஆறு மணி நேர நேர் வெயிலாவது வேண்டும், இல்லாவிட்டால் முள்ளும் இலையுமாகப் படர்ந்துகொண்டே இருக்கும். (வெயில் இருக்கிறவர்களுக்கு: சின்னத் தொட்டியில் வேர் நெருக்கத்தோடு, மண்ணை நன்றாகக் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், உரத்தைக் குறையுங்கள், அப்போதுதான் பூக்கும். அந்த வண்ணமெல்லாம் பூவடிச் செதில்தான், பூ நடுவில் இருக்கிற வெள்ளைக் குழல்.) அடீனியமும் வேண்டாம், முழு வெயிலும் காய்ந்த மண்ணும் கேட்கும், நிழலில் அடித்தண்டு மெத்துமெத்தென்று அழுகிவிடும். ரோஜா உங்கள் இடத்தில் பூக்கும், ஆனால் மாலைவரை இலை ஈரமாக நின்றால் கரும்புள்ளி வரும், நோயோடு மல்லுக்கட்டப் பொழுது இருந்தால் வாங்குங்கள்.

காலை வெயில், மதியம் நிழல் என்பது உண்மையில் பல செடிகளுக்கு வரம். கோலியஸ் வையுங்கள், வண்ணம் வேண்டும் என்றீர்களே, பூவை எதிர்பார்க்காமல் இலையே சிவப்பும் ஊதாவும் பச்சையுமாக இருக்கும், பூக்காம்பு வந்தால் கிள்ளிவிடுங்கள், நுனி கிள்ளக் கிள்ள அடரும். குரோட்டன்ஸ், பிகோனியா இரண்டும் அங்கே நிற்கும். குரோட்டன்ஸில் நிறம் மங்கினால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம், இடம் மாற்றிய புதிதில் இலை கொட்டினால் பயப்படாதீர்கள், அதன் குணம் அது. செம்பருத்தி பூக்கும், மாவுப்பூச்சிக்கு மட்டும் தயாராக இருங்கள். இட்லிப்பூவுக்கு எலுமிச்சை மாதிரியே அமில மண் பிடிக்கும், ஒரே கலவை, ஒரே இரும்பு, இரண்டுக்கும் சேர்த்தே பார்த்துக்கொள்ளலாம். குளிர்ந்த ஊராக இருந்தால் ஹைட்ரேஞ்சியா. மண் அமிலமாக இருந்தால் அலுமினியம் வேருக்குக் கிடைத்துப் பூ நீலம், இல்லாவிட்டால் இளஞ்சிவப்பு, வெள்ளை ரகம் மட்டும் எதற்கும் அசையாது.

வெயில் விழாத மூலைக்கு அக்லோனிமா, பாம்புச்செடி. மூலையில் இரண்டு செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று யாராவது வந்து சொல்வார்கள். அது நாசா 1989இல் மூடிய சின்ன அறைப்பெட்டிக்குள் செய்த சோதனை. 2019இல் வந்த மறுபரிசீலனை, வீட்டில் அந்தப் பலன் வர ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வேண்டும் என்று கணக்குப் போட்டது. ஜன்னலைத் திறந்தால் போதும். செடியை அழகுக்கு வையுங்கள்.

அவசரத்தோட்டம்:
என் எலுமிச்சையில் இலைமேல் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருக்கிறது, நேற்றுக்கும் இன்றைக்கும் இலை பாதி காணோம். என்ன மருந்து அடிக்கலாம்?

இலைபார்ப்பவள்:
அந்த எச்சத்தை ஒரு குச்சியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னால் ஆரஞ்சுச் சிவப்பில் இரண்டு கொம்பு நீட்டி ஒரு வாடை அடிக்கும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது, வளர்ந்தபின் பச்சையாக மாறி இலையோடு இலையாகிவிடும். மருந்து எதற்கு, தொட்டிச்செடிதானே, கையால் எடுத்துவிடலாம். பெரிய செடி என்றால் ஒன்றிரண்டை விட்டுவைப்பேன், வண்ணத்துப்பூச்சி வரட்டும். ஒரு முழச் செடியில் மட்டும் விடாதீர்கள், இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும்.

இளந்துளிரில் வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து போயிருந்தால் இலைத்துளைப்பான். பார்க்கத்தான் அசிங்கம், வளர்ந்த செடிக்குப் பெரிய சேதம் இல்லை. கோடு போட்ட இலையை வெட்ட வேண்டாம், மிச்சப் பச்சை உணவு தயாரிக்கும். வெட்ட வெட்டப் புதுத்துளிர் வரும், அதில்தான் அது முட்டையிடுகிறது. மாவுப்பூச்சி, செதில்பூச்சிக்கு நல்ல தண்ணீர்ப் பீச்சலும், சோப்புக் கரைசலும், வேப்பெண்ணெயும் போதும், சாயங்காலம் மட்டும் அடிக்க வேண்டும், வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும். எறும்பு வரிசை கண்ணில் பட்டால் அதன் வழியிலேயே போய்ப் பாருங்கள், இலையடியில் செதில்பூச்சி இருக்கும். தேன்கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. இலைமேல் கரி பூசின மாதிரிக் கறுப்பு வந்தாலும் அந்தத் தேன்கழிவில் வளர்ந்த பூஞ்சைதான், பூச்சியை ஒழித்தால் தானே உதிரும்.

முன்பு சொன்ன அந்தப் பயம் இதுதான்: இருபக்கமும் ஒத்துப்போகாத மஞ்சள் திட்டு, கோணல் காய், பழுத்தும் அடியில் பச்சை என்றால் பசுமை நோய். துளிரில் உட்காரும் சின்னஞ்சிறு சிலிட் பூச்சி பரப்பும் பாக்டீரியா, குணமாக்க மருந்து இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2005இல் கண்டுபிடித்தார்கள். 1997–98 பருவத்தில் 24.4 கோடிப் பெட்டி ஆரஞ்சு எடுத்த மாநிலம், 2022–23இல் 2 கோடிப் பெட்டியைக்கூடத் தொடவில்லை, நடுவில் புயல்களும் சேர்ந்துகொண்டன. உறுதியாகத் தெரிந்தால் அந்தச் செடியை எடுத்துவிடுவதுதான் வழி, அதிலிருந்து குச்சி வெட்டி யாருக்கும் கொடுக்காதீர்கள். எலுமிச்சைச் செடியை ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு கொண்டுபோகப் பல இடங்களில் தடை இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

பால்கனிவாசி:
செடியை ஊறவைத்து, மண்ணைக் கரைத்து, மூன்றிலைப் போத்தைப் பிய்த்து எடுத்து வைத்தாயிற்று. இலை மடங்கியது கொஞ்சம் விரிந்திருக்கிறது, பாதி இலை கொட்டிவிட்டது, ஆனால் காம்பு கொட்டின இடத்தில் பச்சையாக ஊசிமுனை அளவுக்கு மொட்டு தெரிகிறது. பூவா துளிரா தெரியவில்லை. இனி தண்ணீர் தினமும் ஊற்றலாமா? உரம் எப்போது?

வேர்முதல்:
காம்படியில் மொட்டு வந்தால் பிழைத்துக்கொண்டது. எதுவாக இருந்தாலும் வரட்டும், பூவாக இருந்தால் மட்டும் கிள்ளிவிடுங்கள்.

தினமும், ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற கணக்கையே விட்டுவிடுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் பட்டால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையில் வழிகிற வரை ஊற்றுங்கள், தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தெளிப்பதுதான் கெடுதல், மேல் அங்குலம் நனைந்து அடி காய்ந்தே கிடக்கும். தொட்டியை லேசாகத் தூக்கிப் பார்த்துப் பழகினால் கனத்தை வைத்தே சொல்லிவிடலாம். கோடையில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் கொதிக்கும், வேர் சுவர் ஓரமாகத்தான் இருக்கும், அதனால் ஒரு வெளிர் துணியோ இன்னொரு தொட்டியோ வைத்து மறையுங்கள்.

உரம், புது இலை முற்றிக் கரும்பச்சை ஆனபிறகு. எலுமிச்சைக்குத் தழைச்சத்து, மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தையும்விட இரண்டு மூன்று மடங்கு இருக்கிற உரமாகப் பார்த்து, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதி எடுத்து, துளிர்விடும் காலங்களில் மட்டும், ஈர மண்ணில் கொடுங்கள். நுண்ணூட்டக் கலவை மாதம் ஒருமுறை இலையில் தெளிக்கலாம். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்தால் ஒருநாள் நல்ல தண்ணீரை நிறைய விட்டு அலசி வடியவிடுங்கள், அதற்குப் பதில் இன்னும் உரம் போடாதீர்கள்.

மழைத்துளி:
ஒரு கேள்வி, வீட்டில் பூனை இருக்கிறது, எல்லாவற்றையும் கடித்துப் பார்க்கும். மேலே சொன்னதில் எதை வைக்கலாம்?

இலைபார்ப்பவள்:
லில்லி வகைகளை வீட்டுக்குள் கொண்டுவரவே கொண்டுவராதீர்கள், பூனைக்கு மகரந்தமும் குவளைத் தண்ணீரும்கூட சிறுநீரகத்தைக் கெடுக்கும். அரளி, அடீனியம் இரண்டும் இதயத்தைப் பாதிக்கும், குழந்தைகளுக்கும் ஆகாது. சைகஸ் கல்லீரலை. டிஃபன்பாக்கியா, மணி பிளான்ட், அக்லோனிமா கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும், பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை, ஆனாலும் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். கோலியஸ், பிகோனியா, குரோட்டன்ஸ் மூன்றும் கடித்தால் வயிறு கெடும். எலுமிச்சை இலையும் பூனைக்கு ஒத்துக்கொள்ளாது, நல்லவேளையாக அந்த வாசனை பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்காது. சிலந்திச்செடி, கலாத்தியா, செம்பருத்தி வைக்கலாம். வயிறு கெடுக்கிற செடிகளைக் கடித்துத் துப்பினால் பரவாயில்லை, ஆனால் விழுங்கிவிட்டு வாந்தி எடுத்தாலோ, லில்லி, அரளி, அடீனியம், சைகஸ் இவற்றில் வாய் வைத்தாலோ, காத்திருக்காமல் அந்த இலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு நேரே கால்நடை மருத்துவரிடம் போங்கள், செடி எது என்று தெரிந்தால் அவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.